ராஜாவுக்குத் தெரியாது

கிரெச்சக்கா கதை சொல்லும்போது காலை நீட்டிக்கொண்டுதான் உட்காருவார். முழங்காலில் வாதம். இரண்டு கணுக்காலுக்கும் நடுவில் ஏதாவது ஒரு கைப்பிள்ளை படுத்துக் கிடக்கும். கதையில் நரி வரும், காக்கா வரும், ஆற்றைத் தாண்டுகிற குரங்கு வரும். கால் அப்படியே நீண்டிருக்கும். "அப்பத்தான் கண்ணு, அந்த ஊரு ராஜா வந்தாரு" என்கிற இடம் வந்ததும், கைப்பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்து வலியைப் பொறுத்துக்கொண்டு, இரண்டு காலையும் மடக்குவார். மாராப்பை இழுத்துச் சரிசெய்வார். அவரைப் பார்த்து எதிரே இருக்கிற பிள்ளைகளும் வரிசையாகக் காலை மடக்கும்.

"ராஜாவுக்கு முன்னால காலை நீட்டலாமுங்களா? தப்பு சாமி."

அது கதையில் வருகிற ராஜாதான். அவருக்கு ஊரும் கிடையாது, பேரும் கிடையாது. ஆனாலும் காப்பிக்காட்டுக்கு நடுவே ஓடு வேய்ந்த அந்த ஒற்றை அறையில் ராஜா உள்ளே வந்து நின்றுவிட்டார் என்றே தோன்றும். பிள்ளையைக் கூட்டிப்போக வாசலில் நிற்கிற எனக்கும் தோன்றும். ஒரு நாள் முதுகில் இருந்த கூடையை நானாகவே இறக்கிக் கீழே வைத்துவிட்டேன். எதற்கு இறக்கினேன் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்.

நான் எட்டாவது வரை படித்தவள். வாழவந்திக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில் பழம் பறிக்கிற வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் அங்கேயே செடிக்கு மருந்தடிப்பார். வேலையாட்களுக்கு எஸ்டேட்டே வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டில்தான் குடியிருந்தோம். வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக ஒரு கிரெச் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவரைச் சின்னவர் பெரியவர் எல்லோரும் கிரெச்சக்கா என்றே கூப்பிட்டோம். கிளியூர்ப் பக்கத்து மலைக் குடும்பம். சேலைத் தலைப்பில் எப்போதும் ஊக்குகள் வரிசையாகக் குத்தியிருக்கும். எந்தப் பிள்ளையின் சட்டையில் பொத்தான் அறுந்தாலும் ஒன்றைக் கழற்றி மாட்டிவிடுவார். பிள்ளைகளை அவர் அடித்து நான் பார்த்ததில்லை. என் மகன் அந்தோணி அவர் கையைக் கடித்து ரத்தம் வந்தபோதுகூட, "பல்லு நல்லா மொளச்சிருக்குது" என்றுதான் சொன்னார்.

அவருடைய ராஜாக்கள் யாரும் தப்பு செய்ததே கிடையாது. அதுதான் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது.

ஏழை ஒருவனுடைய கேழ்வரகுக் காட்டை ராஜாவின் யானை மிதித்துப்போடும். குடியானவன் பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டு அழுவாள். உடனே ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும், "ராஜா ஏனுங்க்கா யானையைப் புடிக்கல?"

"ராஜாவுக்குத் தெரியாது கண்ணு. மந்திரி மறைச்சுப்போட்டான்."

வரி கட்டாதவனைச் சிறையில் போட்டது யார்? சேவகன். கிணற்றை மூடச் சொன்னது யார்? மந்திரியின் மச்சான். ராஜாவுக்குத் தெரியாது. கடைசியில் ராஜா மாறுவேடம் போட்டுக்கொண்டு கீழே இறங்கி வருவார். குடிசைக்குள் உட்கார்ந்து கஞ்சி குடிப்பார். கேட்டுக் கண்ணீர் விடுவார். மறுநாள் மந்திரியைக் கழுதைமேல் ஏற்றி ஊர்கோலம் விடுவார்கள். கழுதை வந்ததும் பிள்ளைகள் கையைத் தட்டும்.

எங்களோடு பழம் பறிக்கிற செல்விக்கு வாய் அதிகம். ஒரு நாள் கிரெச் வாசலிலேயே கேட்டுவிட்டாள்.

"ஏனுங்க்கா, உங்க ராஜாவுக்குக் காது கேக்காதுங்களா, கண்ணு தெரியாதுங்களா? நாட்டுல நடக்கறது ஒண்ணுமே தெரியலீன்னா அந்த ஆளுக்கு எதுக்குங்க கிரீடம்?"

"அவரு மாடியில இருக்காரு செல்வி. கீழ போடற சத்தம் மேல கேக்காது."

"எறங்கி வரச் சொல்லுங்க. ஏன், அரமணையில படிக்கட்டு வெக்காம கட்டிப்போட்டாங்களா?"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்காவும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, மடியில் இருந்த பிள்ளைக்கு மட்டும் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: "வருவாரு. ஒரு நாளைக்கு எறங்கி வருவாரு. கண்ணுல பாத்துட்டாருன்னா அப்புறம் ஒரு நிமிசம் பொறுக்க மாட்டாரு."

அப்படி அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவர் வாழ்க்கையில் ஒரு தரம் ராஜா வந்திருக்கிறார். அவருடைய புருசன் சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் கிளை கழிக்கிறவர். மழையில் ஊறிய மரத்தில் ஏறி, வழுக்கி விழுந்து, அங்கேயே உயிர் போய்விட்டது. நான் அந்த எஸ்டேட்டுக்கு வருவதற்கு முன்னால் நடந்தது. அன்றைக்கு எஸ்டேட் சொந்தக்காரரான பெரிய துரை, பங்களாவிலிருந்து நடந்தே லைனுக்கு வந்து, இவர் வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாராம். "நான் பார்த்துக்கறேன்" என்றாராம். கிரெச் வேலை அப்படிக் கிடைத்ததுதான்.

"தொப்பியைக் கழட்டிட்டாரு கண்ணு. எனக்காக" என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

"மழையில மரம் ஏறச் சொன்னது யாருங்க்கா?" என்று நான் ஒரு முறை கேட்டேன்.

"மேஸ்திரி. தொரைக்குத் தெரியாது" என்றார். பட்டென்று சொன்னார். 

நான் சொல்ல வந்தது கிரெச்சுக்குப் பின்னால் இருந்த கல்லுக்கட்டைப் பற்றி. மேட்டு மண் சரியாமல் இருக்க எந்தக் காலத்திலோ கட்டியது. அதற்கு மேலேதான் பங்களாவுக்குப் போகிற ஜீப் பாதை. நடுவில் கல்லெல்லாம் வெளியே தள்ளி, மாசமான வயிறு மாதிரி நின்றது. ஜீப் போனால் சின்னக் கற்கள் ஓட்டின்மேல் விழும். மழை பெய்தால் இடுக்கில் செம்மண் தண்ணீர் வடியும். அந்தப் பக்கத்துச் சுவரை ஒட்டித்தான் பிள்ளைகள் தூங்குகிற தொட்டில்கள்.

நாங்கள் ரைட்டரிடம் சொன்னோம். எஸ்டேட்டில் வேலையைப் பங்கு பிரிப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் அவர்தான். ஒல்லியான மனிதர். வெயிலிலும் குடை. "சொல்றேனுங்க" என்றார். அடுத்த மாதம் கேட்டோம். "சொல்லியிருக்கேனுங்க" என்றார். ஒன்றும் நடக்கவில்லை. லைன் முழுக்க அவரைத் திட்டியது. பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் மந்திரி. குடையைத் தூரத்தில் பார்த்ததுமே "மந்திரி வந்துட்டான்" என்று அந்தோணி கத்துவான். நான் வாயைப் பொத்துவதற்குள் அவர் காதில் விழுந்துவிடும். கேட்காததுபோலப் போவார்.

பெரிய துரை அப்போது இறந்துபோயிருந்தார். மகன்தான் துரை. மெட்ராஸிலிருந்து வருசத்தில் ஒன்றிரண்டு முறை வருவார். பூ மழை பெய்து காடெல்லாம் வெள்ளையாகக் காப்பி பூத்திருக்கும்போது ஒரு தரம் கட்டாயம் வருவார். அக்கா அந்த நாளுக்காகக் காத்திருந்தார்.

"தொரைகிட்ட நேரா போயி இதைச் செய்யி, அதைச் செய்யின்னு கேக்கறது மரியாதை இல்லீங்க. பிள்ளைங்களை வெச்சு ஒரு கதை நடிச்சுக் காட்டறேன். அவரா புரிஞ்சுக்குவாரு. பாருங்க, அவரு கண்ணு கலங்குதா இல்லியான்னு" என்றார்.

எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. கிராம அலுவலகத்துக்குப் போகலாம், லேபர் ஆபீசில் சொல்லலாம் என்று செல்வி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. சொந்தத் துரை இருக்கும்போது வெளியாளிடம் போவதா என்று எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது.

பிஸ்கட் அட்டையில் கிரீடம் செய்தார்கள். ராஜா வேசம் சின்ன மேரிக்கு. அவளுக்குத்தான் பேச்சு மறக்காது. கரியில் மீசை வரைந்துவிட்டார் அக்கா. அந்தோணி தனக்குத்தான் கிரீடம் வேண்டும் என்று புரண்டு அழுதான். "நீ செவுரு சாமி. செவுரு இல்லீன்னா கதையே இல்லீல்ல" என்று சமாதானப்படுத்தினார். நாலைந்து பிள்ளைகள் ஒரு பெட்ஷீட்டைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த சுவராக நின்றார்கள். அதில் ஒருவன் அவன்.

துரை வந்தார். பங்களா முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாறுவேடம் போட்ட ராஜா குடிசைக்குள் போகிறார், சாய்ந்த சுவரைப் பார்க்கிறார், "ஐயோ, என் குடிமக்கள் இங்கேயா தூங்குறாங்க!" என்று நெஞ்சில் அடித்துக்கொள்கிறார். சுவர் அந்தோணிக்குச் சிரிப்பு வந்து, விழக்கூடாத நேரத்தில் விழுந்துவிட்டான். மற்ற சுவர்களும் அவன்மேல் விழுந்தன. துரை வாய்விட்டுச் சிரித்தார். நல்ல சிரிப்பு. கெட்ட மனிதரின் சிரிப்பு இல்லை. அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் தன் கையாலேயே மிட்டாய் கொடுத்தார்.

மற்றவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். அந்தோணி பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டு வர மாட்டேன் என்றதால் நான் மட்டும் அங்கே நின்றேன். அக்கா துரைக்கு முன்னால் போய், தலையைக் குனிந்துகொண்டு, "தொரைங்க, கிரெச்சுக்குப் பின்னால இருக்கற கல்லுக்கட்டுங்க…" என்று ஆரம்பித்தார்.

"தெரியும்மா" என்றார் துரை.

அக்கா நிமிர்ந்தார்.

"ரைட்டர் போன வருஷமே கூட்டிட்டுப் போய்க் காட்டினார். நான்தான் இருக்கட்டும்னு சொன்னேன். பங்களா கூரை முதல்ல முடியணும். இத்தனை வருஷம் நின்ன கட்டு, இன்னும் கொஞ்சம் நிக்காதா? அப்புறம் பார்த்துக்கலாம்." எழுந்துகொண்டே சொன்னார், "நாடகம் ரொம்ப நல்லா இருந்தது. பிள்ளைகளுக்குக் கதை சொல்றதை விடாதீங்க."

அக்காவின் முகத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கோபம் இல்லை. அழுகை இல்லை. வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் வீடே காலியாக இருந்தால் ஒருவர் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார்.  லைன் வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "என்ன சொன்னாருங்க்கா? என்ன சொன்னாரு?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சொன்னார்: "அவருக்கு ஒண்ணுமே தெரியாதுங்க பாவம். கேட்டதும் பதறிப்போயிட்டாரு. நாளைக்கே பிள்ளைங்களைப் பழைய குடோனுக்கு மாத்திப்போடுன்னு உத்தரவு போட்டுட்டாரு."

காப்பி காயப்போடுகிற களத்துக்குப் பக்கத்தில் அந்தக் குடோன் சும்மா கிடந்தது. மறுநாள் விடிந்ததும் தொட்டில்களை அவரே சுமந்து அங்கே கட்டினார். ரைட்டர் குடையோடு ஓடி வந்தார்.

"யாரைக் கேட்டு இதெல்லாம்?"

"தொரை சொன்னாருங்க."

ரைட்டர் அப்படியே நின்றுவிட்டார். துரை சொன்னாரா என்று துரையிடம் யார் கேட்பது? அந்த எஸ்டேட்டில் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. அவரும் கேட்கவில்லை. துரையும் குடோன் பக்கம் வந்ததில்லை. மாதங்கள் ஓடின.

ஐப்பசி மழையில் கல்லுக்கட்டு விழுந்தது. பிள்ளைகள் காலைக் கஞ்சி குடிக்கிற நேரம். காட்டுக்குள் பழம் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு நிலம் உறுமினதுபோலக் கேட்டது. கூடையைப் போட்டுவிட்டு, செடி கிழிக்கக் கிழிக்க, பெற்றவர்கள் எல்லோரும் ஓடியது பழைய கிரெச்சுக்குத்தான். பிள்ளைகள் அங்கே இல்லை என்பது ஒருத்திக்கும் நினைவு வரவில்லை. ஓட்டுக்கூரையைக் காணோம். கல்லும் மண்ணும் வேரோடு ஒரு மரமும் அங்கே கிடந்தன. நான் மண்ணைக் கையால் தோண்டினேன். பக்கத்தில் செல்வியும் தோண்டினாள். அப்புறம் யாரோ "குடோனு! குடோனு!" என்று கத்தினார்கள். அங்கே போனால் அந்தோணி கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தான். என் நகமெல்லாம் மண். அதைப் பார்த்து அவன் சிரித்தான்.

ஆண்டவருக்கு நான் செலுத்துகிற நன்றி இன்னும் தீரவில்லை. ஆனால் லைனில் எல்லோரும் நன்றி சொன்னது துரைக்கு. எங்கள் மாதா கோயிலில் அவர் பெயரில் பூசை வைத்தார்கள். மற்றவர்கள் மலைச்சாமி சேர்வராயனுக்குப் பொங்கல் வைத்து அவர் பெயரைச் சொல்லித் தேங்காய் உடைத்தார்கள். துரையின் போட்டோவைப் பிரேம் போட்டு வீட்டுக்கு வீடு மாட்டினார்கள். ரைட்டர் வீட்டுக் கதவில் யாரோ சாணியை அடித்துவிட்டுப் போனார்கள். சுவரைப் பற்றித் துரையிடம் முதலில் சொன்னவர் அவர்தான்.

கட்டு விழுந்த அன்றைக்கே நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். துரை பேசினதை வார்த்தை மாறாமல் சொன்னேன்.

"நம்ம பையன் உசுரோட இருக்கறான். அந்த வாயால தொரையைப் பத்தி ஒரு சொல்லு சொல்லாத" என்றார். செல்வியிடம் சொன்னேன். அவள் நம்பினாள். இரண்டு பேர் நம்பி என்ன ஆகும்? ரைட்டரிடமே போய், "நீங்களாவது எல்லார்த்துக்கும் சொல்லுங்க" என்றேன். அவர் கதவைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னா யாருங்க நம்புவாங்க? அந்தக் கதையில எனக்குக் குடுத்த வேசம் அது" என்றார்.

கடைசியில் அக்காவிடமே கேட்டேன். "ஏனுங்க்கா இப்படிச் சொன்னீங்க?"

"நான் சொன்னா தொட்டிலு நகருமா கண்ணு? தொரை சொன்னாருன்னா நகரும். பிள்ளைங்க பொழைச்சுதா இல்லியா?"

"பொழைச்சுது. ஆனா இனிமேலும் ராஜா நல்லவருன்னு பிள்ளைங்ககிட்டச் சொல்வீங்களா?"

ஒரு பிள்ளையின் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு வேற கதை தெரியாதே" என்றார்.

சொன்னார். அதற்குப் பிறகும் எத்தனையோ வருசம், எத்தனையோ பிள்ளைகளுக்கு. ராஜா வந்ததும் காலை மடக்கினார். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது, எனக்குத்தான் தெரியும். முன்பெல்லாம் அந்த இடத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பார். பின்னாளில் தரையைப் பார்த்தார்.

நாங்கள் கும்பிடுகிற ஆண்டவரையும் ராஜா என்றுதான் பாடுகிறோம். நான் அதிகம் படித்தவள் இல்லை, பெரிய விசயம் பேசத் தெரியாது. ஆனால் அவர் தலையில் இருப்பது முள்முடி. நம் வீட்டில் நடப்பது எல்லாம் அவருக்குத் தெரியும் என்று நம்பித்தான் நான் முழங்கால் போடுகிறேன். தெரியாத ஒருவரிடம் எதற்கு மன்றாடுவது? தெரிந்தும் சும்மா இருக்கிற ஒருவரை எதற்கு ராஜா என்பது? பூசையில் அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் எனக்குப் பங்களா முற்றம் நினைவுக்கு வந்துவிடுகிறது. வாய் பாடுகிறது, மனசு அங்கே போய் நிற்கிறது. இதைப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லிவிட்டேன். அந்த நினைப்பு போகவில்லை.

அந்தோணி வளர்ந்து வாலிபனான பிறகு எஸ்டேட்டை விற்றுவிட்டார்கள். வாங்கினவர்கள் சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டேஜ் கட்டப்போகிறார்களாம். லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ரைட்டருக்கு அப்போது நல்ல வயசு. குடையை ஊன்றிக்கொண்டு வந்து சொன்னார்: "தொரை நொம்ப வருத்தப்பட்டாருங்க. வேற வழி இல்லியாமாங்க."

செல்வி விடவில்லை. களத்தில் எல்லோரையும் கூட்டினாள். "ரெண்டு தலைமொறையா இருக்கறோம். மாத்து எடம் குடுக்கற வரைக்கும் ஒருத்தரும் சட்டி பானையைத் தூக்கக் கூடாது. எல்லாரும் ஒண்ணா உக்காந்தா எவனாலயும் நம்மள எறக்க முடியாது" என்றாள். சட்டப்படி அதற்கு இடம் இருக்கிறது என்று கீழே சேலத்தில் விசாரித்தும் வந்திருந்தாள்.

"நம்ம பிள்ளைங்க உசுரைக் காப்பாத்துன மனுசன். அவரு கேட்டுல போயி மறிக்கறதா?" என்றார் ஒருவர். கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. என் வீட்டுக்காரரும் ஆட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப் போய் அக்காவின் கையைப் பிடித்தேன். "உங்க வாயால சொன்னா நம்புவாங்க. இன்னைக்கு விட்டா ஊடு போச்சுங்க்கா. என் ஊடு மட்டுமில்ல, உங்க ஊடும்."

தரையில் கையை ஊன்றினார். பிறகு எழுந்தார். முழங்கால் வலிக்க வலிக்கக் களத்துக்கு நடந்து வந்து, கூட்டத்துக்கு நடுவில் நின்றார். அவர் மடியில் கிடந்து வளர்ந்த பிள்ளைகள்தான் சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர். மீசை வைத்திருந்தார்கள்.

"அன்னைக்கு நான் பொய் சொன்னேனுங்க" என்றார். "தொரை ஒண்ணும் மாத்தச் சொல்லல. நானாத்தான் மாத்தினேன். செவுரு விழற மாதிரி இருக்கறது அவருக்குத் தெரியும். ரைட்டர் காட்டியிருக்காரு. தெரிஞ்சுதான் உட்டுப்போட்டாரு. என் காதால கேட்டேன். இவளும் கேட்டா."

 இப்போது யாராவது கத்துவார்கள் என்று நான் காத்திருந்தேன். செல்வி கண்ணை இமைக்காமல் நின்றாள்.

அந்தோணிதான் முன்னால் வந்தான். என் மகன். அக்காவின் காலடியில் குந்தி, அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அத்தனை பிரியமாக அவன் என் கையைக்கூடப் பிடித்ததில்லை.

"அக்கா, ஊட்டை உட்டுப் போற வருத்தத்துல பேசறீங்க. அவரு தெரியும்னு சொல்லியிருப்பாரு, நான் இல்லீங்கல. ஏன் சொன்னாரு? ரைட்டரைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டாருங்க. நல்ல ராஜா அப்படித்தானுங்க செய்வாரு? நீங்கதானுங்க எங்களுக்குச் சொன்னீங்க."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. "அதானே!" என்றார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு பெண் அக்காவின் தோளை அணைத்து, "போயி படுங்க்கா, ஒடம்பைக் கெடுத்துக்காதீங்க" என்றாள். ரைட்டர் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அந்தோணியின் முகத்தையே பார்த்தார். அவன் சின்னதில் கதை கேட்கும்போது எப்படி வாயைத் திறந்துகொண்டு பார்ப்பானோ, அப்படி இவர் அவனைப் பார்த்தார்.

எல்லோரும் காலி செய்தார்கள். துரைக்கு ஒரு மாலை வாங்கி வைத்துவிட்டுத்தான் போனார்கள். அவர் வரவில்லை. மாலை பங்களா கேட்டிலேயே தொங்கியது. இப்போதும் ஓட்டுக் கேட்டு யாராவது பெரியவர்கள் வண்டியில் மலைக்கு வந்தால், ரோட்டோரம் நிற்கிற கூட்டத்தில் எங்கள் எஸ்டேட்டு ஆட்களை என்னால் கண்டுபிடித்துவிட முடியும். குறை சொல்ல வந்தவர்கள் வண்டியைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அக்கா கிளியூரில் தங்கச்சி வீட்டுக்குப் போய், சில வருசங்களில் இறந்துபோனார். சாவுக்கு எல்லோரும் வந்தார்கள். நல்லவர் என்று சொல்லாதவர் இல்லை. நானும் சொன்னேன். என் பிள்ளையை உயிரோடு கொடுத்தவர். ஆனாலும் அவரை நினைத்தால் எனக்கு நிம்மதி வருவதில்லை.

லைனைக் காலி செய்த அன்று, டெம்போவில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோம். அந்தோணிக்குப் பிறகு வெகு காலம் கழித்துப் பிறந்த என் கடைசிப் பெண் அப்போது சின்னவள். குடோன் வாசற்படியில் தனியாக உட்கார்ந்திருந்த அக்காவின் மடியில் போய் ஏறிக்கொண்டாள்.

"கதை சொல்லுங்க்கா."

"இல்ல கண்ணு."

பிள்ளை கதை கேட்டு அவர் இல்லை என்று சொன்னதை அன்றுதான் கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு."

"இல்ல சாமி."

"அப்ப நான் சொல்றேன், கேக்கறீங்களா?" என்று அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "ஒரு ஊருல ஒரு ராஜாவாமா. அவரு நொம்ப நல்லவராமா. அவரு நாட்டுல…"

அக்கா அவள் வாயில் கையை வைத்தார். அழுத்தவில்லை. வைத்தபடியே இருந்தார். பிள்ளைக்கு விளையாட்டா என்று புரியவில்லை. கைக்கு மேலே அவள் கண் என்னைத் தேடியது. டெம்போக்காரர் ஹாரன் அடித்தார். அக்கா கையை எடுக்கவில்லை. நான் போய்த்தான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.

வண்டி கிளம்பியதும், என் மகள் அண்ணன் மடியில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடங்கினாள். மஞ்சக்குட்டை ஊர் வரும்வரை அந்தோணி அவளுக்கு ம் கொட்டிக்கொண்டே வந்தான்.